வள்ளியம்மாள் பேரனின் தனிவழி

பொப் பாடகர் ஒருவரைப் பற்றி இப்பக்கங்களில் எழுத வேண்டிய தேவை என்ன என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வயலும் கூலியும், பாடசாலையும் பரீட்சையும் பற்றி எழுதுவதற்கே இடம் போதாதிருக்கையில், கைபேசியில் மூன்று நிமிடம் கேட்டுவிட்டு மறந்துபோகும் பாட்டுக்கு இத்தனை பக்கம் எதற்கு? கேள்வி நியாயமானதே. ஆனால் மாலை வேளையில் நிந்தவூர்க் கடற்கரைப் பக்கமாக நடந்து செல்பவர்க்கு இதற்கான விடை தானே கிடைத்துவிடும். தோணியின் நிழலில் குந்தியிருக்கும் இளைஞர்களின் கையில் புத்தகம் இல்லை, பாட்டு இருக்கிறது. ஒலுவிலுக்குப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவரின் காதிலும் பாட்டு இருக்கிறது. இசை ஆகுமா ஆகாதா என்று நம்மூரில் நடைபெறும் வாதத்திற்குள் நாம் இங்கே புகவில்லை. அவ்வாதம் நடக்கிற வீட்டிலும் பாட்டு ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் எழுதும் நூறு கட்டுரைகள் சென்று சேராத செவிகளில் அது சென்று சேர்கிறது. அங்கே பேசுபவர் யார், எவருடைய உழைப்பைக் கொண்டு பேசுகிறார், அதனால் வரும் வருவாய் எங்கே போகிறது என்று ஆராய்வது விமரிசனத்தின் வேலையே.

நாம் எடுத்துக்கொண்டவர் தமிழ்நாட்டில் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு என்னும் ராப் பாடகர். ஒரு குழுவின் மேடையில் அறிமுகமாகிப் பின்னர் தம் பெயரிலேயே பாடவும் இசைத்தொகுப்பு வெளியிடவும் தொடங்கியவர். கடலுக்கு அப்பாலுள்ள இவரை நாம் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், இவருடைய புகழ்பெற்ற பாட்டின் வேர் நம் இலங்கை மண்ணில், மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பதுதான். அப்பாட்டை நம் பக்கத்துக் கலியாண வீடுகளில் ஆடிப்பாடியவர்களில் எத்தனை பேர் இதனை அறிவார்கள்?

குழுவை விட்டுத் தனியே செல்வது பொப்பிசை உலகில் புதிதன்று. இலங்கையின் சிங்களப் பொப்பிசைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவரான கிளாரன்ஸ் விஜேவர்த்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவிலிருந்து 'கோல்டன் சைம்ஸ்' குழுவுக்குச் சென்றதை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வார்கள். பத்திரிகைகள் இத்தகைய பிரிவுகளை எப்போதும் ஒரே கதையாகவே சொல்லும். திறமையுள்ளவன் ஒருவன் சாதாரணர் கூட்டத்தில் அகப்பட்டிருந்தான்; விலங்கை உடைத்து வெளியே வந்தான்; உலகம் அவனை அறிந்துகொண்டது. இக்கதை பெரும்பாலும் வியாபாரிகளுக்காகப் புனையப்படுவது. யமேக்காவின் கிங்ஸ்ரன் நகரச் சேரியில் உருவான 'வெய்லர்ஸ்' குழு 1973இல் இலண்டன் நிறுவனம் ஒன்றின்மூலம் உலகச் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டுக்குள் பீற்றர் ரொஷும் பன்னி வெய்லரும் விலகிவிட்டனர். அதன் பின் இசைத்தட்டுகளில் 'பொப் மார்லியும் வெய்லர்களும்' என்றே அச்சிடப்பட்டது. பெயரின் வரிசை மாறியது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் பண்டத்தை விற்பவனுக்கு ஒரு முகம் வேண்டும். மூன்று முகங்களை விற்பது கடினம். விலகிய ரொஷ் 1977இல் சமவுரிமையைப் பெயராகக் கொண்ட ஓர் இசைத்தட்டை வெளியிட்டார் என்பது அவருடைய மனத்தாங்கலை ஓரளவு உணர்த்தும்.

அறிவின் கதை இதற்கு மாறானது. கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்து முகமாக்குவதுதான் சந்தையின் வழக்கம். அறிவின் விடயத்தில் அதே சந்தை பாட்டை எடுத்துக்கொண்டு முகத்தை விட்டுவிட்டது. ஏன் என்று விளங்கிக்கொள்ள, அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும்.

2018 ஜனவரி 6ஆம் நாள், சென்னைச் சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் நடைபெறும் பருவத்தில், கீழ்ப்பாக்கத்தில் ஒரு திறந்தவெளி மேடையில் 19 பேர் கொண்ட குழுவொன்று ஏறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அது. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) வழங்கிய கருத்திலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. குழுவின் அடித்தளம் கானாப் பாட்டு. வடசென்னைக் குடிசைப் பகுதிகளில், குறிப்பாகச் சாவு வீடுகளில், இரவு முழுவதும் பாடப்படும் பாட்டு அது. சபைக்கு ஆகாதது என்று படித்தவர்கள் ஒதுக்கியதை இவர்கள் கோட்டு அணிந்து மேடையில் நின்று பாடினார்கள். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர், குடியிருப்பிலிருந்து விரட்டப்படும் மக்கள் என்பனவே பொருள். ஆண்களுக்கே உரியதாயிருந்த கானாவில் இசைவாணி என்னும் இளம்பெண் பாடினார், 2020இல் பி.பி.சி. தேர்ந்தெடுத்த நூறு பெண்களுள் அவரும் ஒருவர்.

இக்குழுவின் பாட்டுகளை மீண்டும் கேட்கும்போது நம்மைக் கவர்வது அதன் கூட்டுத் தன்மையே. ஒருவரின் கோபத்தை மற்றவரின் நையாண்டி தணிக்கிறது. கானாப் பாடகரின் இழுவையை ராப் பாடகரின் வேகம் வெட்டுகிறது. சுலோகமாகப் போய்விடக்கூடிய இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் கிண்டலாக ஒரு சொல்லைப் போட்டுப் பாட்டை மனிதர் பேச்சாக்கிவிடுகிறார். அறிவு அங்கே பலருள் ஒருவர். சொல் அடுக்கும் ஆற்றலில் முதல்வர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவ்வாற்றலுக்கு அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது.

தம் பெயரில் அவர் வெளிப்பட்டது 2019இல், ஒஃப்ரோ என்னும் இசைஞருடன் சேர்ந்து வெளியிட்ட 'தெருக்குறள்' தொகுப்பில். 'ஆன்டி இந்தியன்', 'கள்ள மௌனி' முதலியன அதில் உள்ளவை. குழுவில் கேட்ட சிரிப்பு இங்கே குறைவு, குற்றச்சாட்டு மிகுதி. எதுகையும் மோனையும் மூச்சுவிடாமல் வந்து விழுகின்றன. சில இடங்களில் பொருளை முந்திக்கொண்டு ஓசை ஓடிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்து வந்த 'சண்ட செய்வோம்' இன்னும் கூர்மையானது. 2019 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து எழுந்த பாட்டு அது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தார்க்குக் குடியுரிமை வழியை இலகுவாக்கிய அச்சட்டம் முஸ்லிம்களை விட்டுவிட்டது. இலங்கையிலிருந்து சென்று அகதி முகாம்களில் வாழும் தமிழரையும் விட்டுவிட்டது. இச்செய்தி நிந்தவூர் வாசகர்க்கு இரு வகையில் உறைக்க வேண்டியது.

ஏனெனில் குடியுரிமைச் சட்டம் ஒன்றினால் மக்களை நாடற்றவராக்கும் வித்தை முதலில் நம் நாட்டில்தான் நன்கு பழகப்பட்டது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்தது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னொரு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மாடு பிரிப்பதைப் போல மனிதரைப் பிரித்த இக்கணக்கில், பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறியவர்கள் எத்தனையோ இலட்சம் பேர். மலையகத்தில் கொழுந்து பறித்துப் பின்னர் தமிழ்நாடு சென்ற தொழிலாளிகளுள் ஒருவர் வள்ளியம்மாள். அவருடைய பேரன் அறிவு.

2021 மார்ச் 7ஆம் நாள் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டின் உள்ளே இருப்பது இந்த வள்ளியம்மாளின் வாழ்வுதான். பாடகி தீயும் அறிவும் பாடினர்; சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார்; ஏ. ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட 'மாஜா' என்னும் நிறுவனம் வெளியிட்டது. யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டிருக்கிறது. காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்க்குக் காணி இல்லை. மரம் நட்டவர்க்கு நிழல் இல்லை என்பதே அதன் பொருள். 'என் சாமி' என்பது பேரனைக் கொஞ்சும் பாட்டியின் சொல். பண்ணைக்காரன் முன் தலைகுனிந்து நிற்கும் கூலியின் சொல்லும் அதுவே. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்து அதன் அருகே 'எஞ்சாய்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் போட்ட இடத்தில் இக்கவிஞனின் கெட்டித்தனம் இருக்கிறது. ஆடுபவன் ஆடுகிறான். கேட்பவன் கேட்டால் ஒப்பாரி கேட்கும்.

நாம் ஆடினோம். இக்கரையில் வாழும் நமக்கு மலையகம் என்பது பாடப்புத்தகத்தில் வரும் கூடை சுமந்த பெண்ணின் படம். நுவரெலியாச் சுற்றுலாவில் பஸ் யன்னலால் கண்ட பச்சை. அந்தப் பெண்ணின் பேரன் சென்னையிலிருந்து பாடி, அது உலகெல்லாம் சுற்றி, பின் நம் கைபேசியில் வந்து விழுந்த பிறகும்கூட அது பதுளைக்கும் அட்டனுக்கும் உரிய கதை என்று நாம் அறிந்துகொள்ளவில்லை. இதில் பாடகனைக் குறைசொல்ல இடமில்லை.

பாட்டு பெரும் புகழ் அடைந்ததும் நடந்தவை யாவரும் அறிந்தவை, சுருக்கமாகச் சொல்வோம். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் கனடாவில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. பா. ரஞ்சித் முதலியோர் வெளிப்படையாகக் கண்டித்த பின்னரே அவருக்கென இன்னோர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமர், முதலமைச்சர் முன்னிலையில் அப்பாட்டு பாடப்பட்டபோதும் அவர் மேடையில் இல்லை. அவ்வேளை அவர் அமெரிக்காவில் இருந்தார். தீயுடன் நின்று பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள் என்னும் நாட்டுப்புறப் பாடகி. சில நாட்களில் அறிவு தம் மனக்குறையை எழுதி வெளியிட்டார். மெட்டையோ ஒரு சொல்லையோ எவரும் தமக்குத் தரவில்லை, தாமே இயற்றி எழுதிப் பாடியதாகவும், கூட்டு முயற்சி என்பதனால் அது வள்ளியம்மாளின் வரலாறு, தம் முன்னோரின் வரலாறு அன்று என்றாகிவிடாது எனவும் கூறினார். இசையமைப்பாளரும் பாடகியும் மறுமொழி வெளியிட்டனர். இயக்குநர் மணிகண்டன் இப்பாட்டுக்குத் தூண்டுகோலாயிருந்தார், கிராமத்து முதியோர் பாடிய ஒப்பாரியிலிருந்தும் ஒரு பகுதி எடுக்கப்பட்டது, வருவாயும் உரிமையும் மூவர்க்கும் சமம் என்பது அவர்கள் கூற்று. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இன்னொன்றும் சொன்னார்: பாட்டு வெளிவந்து மூன்றாண்டாகியும் அதனைப் படைத்தவர்களுக்கு ஒரு ரூபாயும் வந்து சேரவில்லையாம். நிறுவனத் தரப்பு அதனை மறுத்தது.

இப்பிணக்கில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு மற்றவரைத் தூற்றுவது எளிது. இணையத்தில் அதைத்தான் செய்தார்கள். இசையமைப்பாளரின் உழைப்பு பொய்யன்று. பாடகியின் குரல் இல்லாமல் அப்பாட்டு இல்லை. ஆனால் புகழ் பங்கிடப்படும்போது வரிசையின் கடைசியில் நிற்பவரின் பெயர் மட்டும் மீண்டும் மீண்டும் 'தவறுதலாக' விடுபடுகிறது என்றால், அத்தவறுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று கொள்ள வேண்டும். நிலமற்றவரின் வரலாற்றைப் பாடிய பாட்டிலிருந்து நிலமற்றவரின் பேரனே நீக்கப்பட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அறிவின் வாக்குமூலத்திலுள்ள ஒரு முரண்பாட்டையும் நாம் மறைக்கலாகாது. எவரும் எனக்கு ஒரு சொல்லும் தரவில்லை என்பது ஒரு கூற்று. இது வள்ளியம்மாளின் வரலாறு என்பது மற்றொன்று. இரண்டும் முழுமையாக உண்மையாக இருக்க முடியாது. வள்ளியம்மாள் தந்திருக்கிறார், அவருக்கு அவர் தாய் தந்திருப்பார். ஒப்பாரி பாடிய முதியோரும் தந்திருக்கிறார்கள். முன்னோரின் குரலாகப் பேசவந்த கலைஞன், 'இது என் சொத்து' என்று பத்திரம் நீட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டான். அவ்வாறு நீட்டாவிட்டால் அவனுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதனால்தான் அவன் நீட்டுகிறான். அவனைத் தனிமனிதனாக்கியது அவனுடைய அகந்தை அன்று. கூட்டாகப் படைத்ததைத் தனித்தனியே பதிவு செய்தவர்க்கே கூலி தரும் ஏற்பாடுதான்.

இதனை விளங்கிக்கொள்ள நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. நம் வயல்களில் காவல் இருந்தவர்கள் இராக்காலத்தில் பரணில் இருந்து கவி படித்தார்கள். வீட்டுப் பெண்கள் நெல் குத்தும்போதும் பிள்ளையைத் தாலாட்டும்போதும் கவி படித்தார்கள். சூடு மிதிக்கும் களவெட்டியில் பொலி பாடப்பட்டது. நெல்லில் பெரும்பங்கு போடியாரின் வண்டியில் ஏறியது, பாட்டு வயற்காரனின் வாயில் மிஞ்சியது. அக்கவியை இயற்றியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டவர் படித்தார், படித்தவர் ஒரு சொல்லை மாற்றினார், அடுத்த ஊரில் அது வேறு கவியாயிற்று. பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமது ஆங்கில நூலில், சங்ககாலப் பாணரின் சொற்றொடர்கள் ஒருவர்க்கே உரியனவல்ல, பாணர் எல்லோருக்கும் பொதுவானவை என்று காட்டினார். நம் களவெட்டியைக் கண்டவர்க்கு அவ்வுண்மை புதிதாயிராது.

அறுவடை மெசின் வந்தது; பொலி நின்றது. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் ஊரூராக அலைந்து முஸ்லிம் மக்களின் நாட்டார் பாடல்களைச் சேகரித்து நூலாக்காவிட்டால் அவற்றில் பெரும்பகுதி அவற்றைப் பாடிய மூதாட்டிகளோடு மையவாடிக்குப் போயிருக்கும். அது மதிப்பிட முடியாத தொண்டு. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். நாளைக்குக் கொழும்பிலோ சென்னையிலோ இருக்கும் ஓர் இசையமைப்பாளர் அக்கவிகளில் ஒன்றை எடுத்து மேளம் சேர்த்து வெளியிட்டு, அதுவும் 40 கோடி தடவை கேட்கப்பட்டால், பாலமுனையிலோ அட்டப்பள்ளத்திலோ அதனைப் படித்த பெண்ணின் பிள்ளைகளுக்கு என்ன வரும்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பாதுகாக்க ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. அப்பிரிவைக் கையிலேந்தி நீதிமன்றம் போகக்கூடிய கவிக்காரி எவரும் நம்மூரில் இல்லை.

இனி அறிவின் தனிவழிக்கு வருவோம். அவர் 'அம்பாசா' என்னும் பெயரில் ஓர் இசைக்குழுவைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். கூட்டத்திலிருந்து பிரிந்தவர் மீண்டும் ஒரு கூட்டத்தைக் கட்ட வேண்டியிருந்தது என்பது நாம் முன்னர் கூறியதற்கு மேலும் ஒரு சான்று. 2024இல் வெளியான அவருடைய தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தம் பெயரை நிலைநாட்டப் போராடிய ஒருவர், நிலைநாட்டும் வேளையில் பாட்டியின் பெயரை முன்வைத்துத் தம்மை அவளுடைய பேரன் என்று மட்டும் சொல்லிக்கொண்டார். முன்பு கூறிய முரண்பாட்டுக்கு அவர் கண்ட விடை இதுவென்றே நாம் கருதுகிறோம். 'நான்' என்று சொல்லியே தீர வேண்டிய உலகில், அந்த 'நான்' யாருடைய மகன், யாருடைய பேரன் என்பதையும் சேர்த்துச் சொல்வது சிறு காரியமன்று.

ஆனால் எல்லாவற்றையும் நாம் மெச்சப்போவதில்லை. 2021இல் வெளிவந்த 'மாஸ்டர்' திரைப்படத்திற்கு அவர் எழுதிப் பாடிய 'வாத்தி ரெய்டு' பாட்டில் அதே நாக்கு, அதே வேகம், அதே ஆவேசம் ஒரு நட்சத்திர நடிகரின் வரவைப் பறைசாற்றப் பயன்பட்டன. வயிற்றுப்பாட்டுக்குப் பாடுவதைக் குற்றமென்று சொல்லுமளவுக்கு நாம் கொடியவரல்லர். எனினும் ஒடுக்கப்பட்டோரின் கோபத்திலிருந்து பிறந்த ஓசையைக் கோபத்தை விட்டுவிட்டு ஓசையாக மட்டும் விற்கலாம் என்று சினிமாவுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவராகிவிட்டார். 2023இல் கதீஜா ரகுமானுடன் அவர் பாடிய 'சகவாசி' இன்னும் நெருடுகிறது. எல்லா உயிரோடும் சேர்ந்து வாழ்தல் என்பது பொருள். பாட்டு நல்ல பாட்டு. மேடையோ கொக்கா கோலாக் கம்பனியின் இசைமேடை. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில் பிளாச்சிமடைக் கிராமத்து மக்கள், பெரும்பாலும் ஆதிவாசிகள், தங்கள் கிணற்று நீரைக் காக்கப் போராடியதன் விளைவாக அதே கம்பனியின் ஆலை 2004 மார்ச்சில் மூடப்பட்டது. சகவாசம் பற்றிப் பாடுவதற்கு வேறு திண்ணை கிடைக்கவில்லையா என்று நாம் கேட்கத்தான் செய்வோம். குழுவில் இருந்திருந்தால் பக்கத்தில் நின்ற யாராவது கேட்டிருப்பார்கள். தனியே போகிறவனுக்கு நேரும் பெரிய நட்டம் இதுதான். பணமோ புகழோ அன்று.

நம் மாணவரிடையே இப்போது ராப் பாடுவோர் பலர் இருக்கிறார்கள். சிலருடைய பாட்டில் சென்னை உச்சரிப்பு அப்படியே வந்து நிற்கிறது. நிந்தவூரில் எவரும் பேசாத தமிழில் நிந்தவூர்ப் பிள்ளை ஏன் கோபப்பட வேண்டும் என்று நமக்கு விளங்கவில்லை. அரக்கோணத்துப் பேரன் தன் பாட்டியிடம் போய் உட்கார்ந்து கேட்டான். இங்கும் கவி படிக்கத் தெரிந்த உம்மும்மாக்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போகிற பிள்ளைகள் கைபேசியைத் திறப்பதற்கு முன் கொப்பியைத் திறந்து, படிப்பவரின் பெயர், அவர் யாரிடம் அக்கவியைக் கேட்டார், எந்த வயலில் எந்த வேலையின்போது படித்தார் என்பவற்றை முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். மெட்டைப் பிறகு பார்க்கலாம்.